கால் வீக்கமும் திடீர் மூச்சுத்திணறலும்

 

மாரடைப்பு என்றால் இன்று சிறு பிள்ளைகளும் அறிவர். பக்கவாதம் என்றாலும் அவ்வாறே. ஆனால் அவ்விரண்டுக்கும் அடுத்தபடியாக இரத்தக் குழாய் அடைப்பினால் உயிரைப் பறிக்கும் மூன்றாவது நோய் ஒன்று உண்டு. அதன் பெயரைக்கூட நம் வீடுகளில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயை உறைந்த இரத்தக் கட்டி அடைத்துக்கொள்வதே அந்நோய். மருத்துவர்கள் இதனைப் 'பல்மனரி எம்பாலிசம்' என்பர்.

இந்நோயின் இயல்பை விளக்க, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஒரு குடும்பம் வாழ்வதாக வைத்துக்கொள்வோம். வைனு பாப்பு வானாய்வு நிலையத்தால் உலகறிந்த ஊர் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வீட்டுப் பெண்ணுக்கு மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பிறக்கிறது. ஒரு வாரம் கழித்து வீடு திரும்புகிறாள். 'நாற்பது நாள் எழுந்து நடமாடக் கூடாது' என்று படுக்கவைக்கிறார்கள். 'தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு தொங்கிவிடும்' என்று தண்ணீரையும் அளந்து கொடுக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் இடது கெண்டைக்கால் வலிக்கிறது. சற்றே வீங்கியும் இருக்கிறது. நரம்புப் பிசகு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறார்கள். மறுநாள் அதிகாலையில் அவளுக்குத் திடீரென்று மூச்சு முட்டுகிறது. 'மலைக் குளிர்', 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் வைக்கிறார்கள்.

இது எடுத்துக்காட்டுக்காகச் சொன்ன குடும்பமே. எனினும் இதில் வரும் ஒவ்வொரு செயலும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பதுதான். அக்கறையோடு செய்யப்படும் அச்செயல்கள் எவ்வாறு ஆபத்தாக முடிகின்றன என்பதை இனிக் காண்போம்.

கட்டி எங்கிருந்து வருகிறது?

காயம் பட்டால் இரத்தம் உறைய வேண்டும். இல்லையேல் உயிர் தரிக்காது. ஆனால் குழாய்க்குள் ஓடும்போது அது உறையாமல் இருக்க வேண்டும். இந்தச் சமநிலை தவறும்போது, பெரும்பாலும் கால்களின் ஆழத்திலுள்ள சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. அக்கட்டியோ அதன் ஒரு துண்டோ பெயர்ந்து, இரத்த ஓட்டத்தோடு மேலேறி, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, நுரையீரல் தமனியில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. அதற்கப்பால் இரத்தம் செல்ல வழியில்லை. காற்று உள்ளே வந்தாலும் அதிலுள்ள பிராணவாயுவை ஏற்றிச் செல்ல அவ்விடத்தில் இரத்தமில்லை. கட்டி பெரிதாயின் இதயத்தின் வலப்பக்கம் எதிர்த்துத் தள்ள முடியாமல் தளர்ந்து விடுகிறது. சிலருக்குச் சில நிமிடங்களில் உயிர் பிரிவது இதனாலேயே.

ஆகவே மூச்சு நெஞ்சில் முட்டினாலும் நோய் தொடங்கிய இடம் பெரும்பாலும் காலே. இதனை மனத்தில் இருத்திக் கொண்டால் பாதி வழி கடந்தவர்களாவோம்.

ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்கோ 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழியைக் கண்டறிந்து கூறினார். இரத்தக் கட்டி உருவாக மூன்று காரணங்கள் இன்றும் மருத்துவப் பாடத்தில் அவர் பெயராலேயே கற்பிக்கப்படுகின்றன. இரத்த ஓட்டம் மந்தமாதல், குழாயின் உட்சுவர் சிதைதல், இரத்தமே எளிதில் உறையும் தன்மை பெறுதல் ஆகியவையே அம்மூன்று. அவர் பிறந்த நாளான அக்டோபர் 13 உலக இரத்த உறைவு நாளாக 2014 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது.

யாருக்கு வரக்கூடும்?

முதற்காரணம் அசையாமை. 1940ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் மீது குண்டுகள் பொழிந்தபோது மக்கள் இரவெல்லாம் பாதுகாப்பறைகளில் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்தே உறங்கினர். அவர்களுள் நுரையீரல் அடைப்பினால் இறந்தோர் தொகை திடீரென உயர்ந்ததைக் கீத் சிம்ப்சன் என்னும் மருத்துவர் அவ்வாண்டிலேயே எழுதி வெளிப்படுத்தினார். நாற்காலியின் முன்விளிம்பு தொடையின் பின்புறத்தை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுத்ததே காரணம் என்று அவர் கருதினார். குண்டுக்குத் தப்பியவர்களை நாற்காலி கொன்றது! படுத்துறங்கப் படுக்கைகள் அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் கூறிய பரிகாரம்.

இடுப்பு, முழங்கால், வயிறு ஆகியவற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டோர், பக்கவாதத்தால் படுத்த படுக்கையானோர் ஆகியோர் இவ்வகையினர். புற்றுநோயாளிகளுக்கு இரத்தமே எளிதில் உறையும். கொரோனாத் தொற்றுக் காலத்தில் நுரையீரலில் இரத்தம் உறைந்து பலர் துன்புற்றதையும் நாம் கண்டோம். உடற்பருமன், முதுமை, புகைப்பழக்கம், இதயத் தளர்ச்சி ஆகியனவும் துணைக்காரணங்கள். முன்பொருமுறை இரத்தக் கட்டி வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். பெற்றோர், உடன்பிறந்தோரில் எவருக்கேனும் இளவயதிலேயே கட்டி வந்திருந்தால் அதனையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். பரம்பரையாக வரும் குறைபாடுகளும் உண்டு.

இது மேனாட்டார் நோய், நம் நாட்டில் அரிது என்றொரு கருத்து மருத்துவர்களிடையேகூட நெடுநாள் நிலவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையிலான தம் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை அக்கருத்தைத் தகர்த்தது. கால் சிரைகளில் கட்டி ஏற்பட்டவர்களிடம் புற்றுநோயும் அறுவைச் சிகிச்சையுமே முதன்மைக் காரணங்களாகக் காணப்பட்டன. ஜவ்வாது மலை மக்களும், ஆம்பூர், வாணியம்பாடி மக்களும் பெருநோய்க்கு நாடிச் செல்லும் மருத்துவமனை அது. எனவே இது நம் ஊர்க் கதையே.

பேறுகாலப் பெண்கள்

கருவுற்ற பெண்ணின் இரத்தம் இயல்பாகவே சற்று எளிதில் உறையும். பிரசவத்தின்போது இரத்தம் அளவுக்கு மீறி வீணாகாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் அதே தன்மை பிரசவத்திற்குப் பின் முதல் ஆறு வாரங்களில் ஆபத்தாகவும் மாறக்கூடும். அதாவது, நாம் படுக்கவைக்கும் அந்த நாற்பது நாள்களே ஆபத்து மிகுந்த நாள்கள்! அறுவைச் சிகிச்சைப் பிரசவமாயின் ஆபத்து மேலும் கூடும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை. இதில் உங்கள் வீடும் இருக்கலாம்.

ஓய்வு வேண்டாம் என்று கூறவில்லை. ஓய்வு வேறு, அசையாமல் கிடத்தல் வேறு. மருத்துவர் அனுமதித்தவுடன் பிள்ளை பெற்றவள் அறைக்குள்ளேனும் நாளுக்குப் பலமுறை நடக்க வேண்டும். தாகம் தீரத் தண்ணீர் அருந்த வேண்டும். தாய்ப்பால் சுரப்பதற்கும் அது இன்றியமையாதது.

உலகப் புகழ்பெற்ற டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017 செப்டம்பரில் அறுவைச் சிகிச்சை மூலம் பெண் குழந்தையைப் பெற்றார். மறுநாள் அவருக்கு மூச்சு முட்டியது. 2011ஆம் ஆண்டிலேயே ஒருமுறை நுரையீரல் அடைப்பிலிருந்து மீண்டவர் அவர். எனவே தமக்கு நேர்ந்தது என்னவென்று உடனே உணர்ந்தார். ஸ்கேன் எடுக்க வேண்டும், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து வேண்டும் என்று தாமே கேட்டார். முதலில் வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறாரோ என்று செவிலியர் ஐயுற்றார். பிறகு கால்களை மட்டும் சோதித்தனர். அதில் ஒன்றும் தெரியவில்லை. அவர் விடாமல் வற்புறுத்திய பின் நெஞ்சுப் பகுதியை சி.டி. ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் சிறு கட்டிகள் பல இருப்பது புலனாயிற்று. செல்வமும் செல்வாக்கும் உள்ள ஒரு பெண்ணே இவ்வளவு வற்புறுத்த வேண்டியிருந்தது என்றால், நம் வீட்டுப் பெண் 'மூச்சு முட்டுகிறது' என்று மெல்லிய குரலில் சொல்லும்போது நாம் எத்துணைக் கவனத்துடன் கேட்க வேண்டும்!

பயணமும் மாத்திரைகளும்

நான்கு மணி நேரத்திற்கு மேல் அமர்ந்தே செல்லும் பயணம், விமானமாயினும் பேருந்தாயினும் இரயிலாயினும், கட்டி உருவாகும் வாய்ப்பை ஏறக்குறைய இருமடங்காக்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அஞ்சிவிடாதீர்கள். அவ்வாறு பயணம் செய்வோரில் சுமார் 6000 பேரில் ஒருவருக்கே அது நேர்கிறது என்பதும் அவ்வாய்வின் முடிவே. எனினும் வேறு காரணங்கள் சேரும்போது ஆபத்து கூடுகிறது.

ஹஜ், உம்ராப் பயணத்தை எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேலான விமானப் பயணம். அதன்பின் மக்காவுக்கும் மதீனாவுக்கும் நீண்ட பேருந்துப் பயணம். வெயிலில் உடல் நீர் வற்றுதல். செல்பவர்களில் பலர் முதியோர். இவற்றோடு, மாதவிலக்கைத் தள்ளிப்போடச் சில சகோதரிகள் ஹார்மோன் மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமே வாங்கி உட்கொள்கின்றனர். அம்மாத்திரைகளுள் சில இரத்தம் உறையும் தன்மையை மிகுவிக்கக் கூடியவை. கருத்தடை மாத்திரைகளுள் ஈஸ்ட்ரோஜன் கலந்தவையும் அவ்வாறே. ஆரோக்கியமான பெரும்பாலோருக்குத் தீங்கு நேர்வதில்லை. ஆனால் உடற்பருமன் உள்ளவர், புகைப்பவர், முன்பு கட்டி வந்தவர், குடும்பத்தில் அந்நோய் உள்ளவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரையும் விழுங்கலாகாது.

பயணத்தில் ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் எழுந்து நடங்கள். எழ முடியாவிடில் இருந்த இடத்திலேயே குதிகாலையும் விரல்களையும் மாறிமாறி உயர்த்தித் தாழ்த்துங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது அது இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தண்ணீர் போதிய அளவு அருந்துங்கள். ஊர் திரும்பிய பின்னும் சில வாரங்கள் கால்களைக் கவனித்து வாருங்கள்.

அறிகுறிகள்

காலில் தோன்றும் முன்னறிவிப்பு: ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலிலோ தொடையிலோ வலி, தொட்டால் சூடு, தோல் சிவத்தல் அல்லது கருத்தல். இரு கால்களும் ஒருசேர வீங்கினால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். ஒற்றைக் கால் வீக்கமே ஐயத்திற்குரியது. அத்தகைய காலை எண்ணெய் தேய்த்து உருவுதல் கூடாது, கட்டி பெயர்ந்துவிடக்கூடும். நம் காவலூர் எடுத்துக்காட்டில் பாட்டியார் அன்போடு செய்தது அதைத்தான்.

நெஞ்சில் தோன்றுபவை: காரணமின்றித் திடீரென வரும் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, படபடப்பு, இருமல், சில வேளை சளியில் இரத்தம், வியர்வை, தலைசுற்றல், மயங்கி விழுதல். எல்லாம் ஒருங்கே வரவேண்டும் என்பதில்லை. மூச்சுத்திணறல் ஒன்று மட்டுமே இருக்கலாம். காலில் எந்த அடையாளமும் இன்றியும் வரலாம்.

ஆஸ்துமா, வாயு, பயம், மலைக்குளிர் என்று இதற்குப் பெயர் சூட்டுவது எளிது. 725 மீட்டர் உயரத்தில், ஓய்வாக இருப்பவருக்கு மூச்சு முட்டுமளவுக்குக் காற்று மெலிந்து விடுவதில்லை. ஆகவே மலையின் மீது பழியைப் போடாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

சமவெளியில் இருப்பவருக்கும் மலையூரில் இருப்பவருக்கும் இங்கேதான் வேறுபாடு. இந்நோயை உறுதி செய்யச் சி.டி. ஸ்கேன் வேண்டும், அது மலையிலிருந்து இறங்கிப் பெரிய மருத்துவமனைக்குச் சென்றால்தான் கிடைக்கும். காவலூரிலிருந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் ஆலங்காயம் இறங்கி, வாணியம்பாடியோ திருப்பத்தூரோ வேலூரோ செல்ல வேண்டும். மூச்சு முட்டிய பின் புறப்படுவதைக் காட்டிலும் கால் வீங்கிய அன்றே புறப்படுவது அறிவுடைமை. காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டால் நெஞ்சடைப்பையே பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

மூச்சு முட்டத் தொடங்கிவிட்டால் விடியும்வரை காத்திருக்கலாகாது. 108ஐ அழையுங்கள்; தமிழகத்தில் 2008 முதல் இயங்கிவரும் கட்டணமில்லாச் சேவை அது. நோயாளியை நடக்க விடாதீர்கள். மருத்துவரிடம் 'மூச்சு முட்டுகிறது' என்று மட்டும் சொல்லாமல், 'பிரசவமாகிப் பதின்மூன்று நாள்', 'கால் வீங்கியிருந்தது', 'இன்ன மாத்திரை சாப்பிட்டாள்', 'நீண்ட பயணம் செய்தாள்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்-ரேயும் இ.சி.ஜி.யும் இந்நோயில் சரியாகவே தோன்றக்கூடும். அவை நன்றாயுள்ளன என்பதால் மட்டும் நோயில்லை என்றாகாது. நோய் வரலாறே மருத்துவருக்கு வழிகாட்டும்.

சிகிச்சையின் பயன் எத்தகையது? இங்கிலாந்தில் பாரிட், ஜோர்டான் என்னும் இரு மருத்துவர்கள் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோளாக விளங்குகிறது. உறைவைத் தடுக்கும் மருந்து பெறாத 19 நோயாளிகளில் 5 பேர் நுரையீரல் அடைப்பினால் மாண்டனர். மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூட அந்நோயால் மாளவில்லை. இம்மருந்துகள் கட்டியை நேரே கரைப்பவை அல்ல. அது வளராமல் தடுத்து, உடல் தானே கரைத்துக்கொள்ள வழிவிடுகின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி தனியே உண்டு.

நம் உள்ளத்தில் எழும் ஒரு கேள்வி

இந்நோய்க்கு முதலில் இடப்படும் ஹெபாரின், எனாக்ஸாபரின் ஊசி மருந்துகள் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. இதனை அறிந்த சில குடும்பத்தினர் மருத்துவமனை வாசலில் திகைத்து நிற்பதுண்டு. அவ்வேளையில் கடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நோயாளிக்கு இழப்பே. மாற்று மருந்து சிலருக்கு உண்டு. ஃபாண்டாபாரினக்ஸ் என்னும் ஊசி முற்றிலும் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. ரிவராக்ஸபான், அபிக்ஸபான் மாத்திரைகளும் வார்ஃபரினும் விலங்கிலிருந்து பெறப்படும் மருந்துகள் அல்ல. ஆனால் கர்ப்பிணிகளுக்கு இம்மாத்திரைகள் ஏற்றவை அல்ல. அவர்களுக்கு ஹெபாரின் வகை ஊசியே முதன்மையான துணை. 'மாற்று உண்டா?' என்று மருத்துவரைக் கேளுங்கள். உண்டெனில் நன்று. இல்லையெனில், நிர்ப்பந்தத்திற்கு உள்ளானவர் மீது குற்றமில்லை என்னும் திருக்குர்ஆனின் 2:173 வசனத்தின் கருத்தை நினைவிற் கொள்ளுங்கள். உயிர் காக்கும் நிர்ப்பந்தம் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம், நலமாக இருக்கும் காலத்திலேயே, கேட்டுத் தெளிந்து வையுங்கள்.

வீடு திரும்பிய பின்

மருந்தைக் குறைந்தது மூன்று மாதங்கள் உட்கொள்ள வேண்டியிருக்கும். மூச்சு சீராகிவிட்டது என்று நடுவில் நிறுத்துவோரே மீண்டும் அடைப்புக்கு ஆளாகின்றனர். வார்ஃபரின் உட்கொள்வோர் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கீரை வகைகளை ஒரு நாள் மிகுதியாகவும் மறுநாள் அறவே இன்றியும் உண்ணாமல் ஒரே அளவில் உண்ண வேண்டும். வலி மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் மருத்துவரிடம் கூறாமல் சேர்த்து உண்ணலாகாது. இம்மருந்து உட்கொள்ளும் காலத்தில் இரத்தம் வெளிப்படும் ஹிஜாமா செய்துகொள்வது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க. ரமளானில் மருந்து வேளையைத் தாமே மாற்றாமல், ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பொருந்துமாறு அமைக்க இயலுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதையும் மறவாதீர்கள். ஈறில் இரத்தம், கருநிற மலம், தலையில் அடிபடுதல் ஆகியவை நேர்ந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சகோதரிகளே! இவ்விதழைப் படித்து முடித்தவுடன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், படுக்கையிலுள்ள முதியவர், தொலைதூரப் பயணத்திலிருந்து திரும்பியவர் எவரேனும் இருந்தால் அவருடைய இரு கால்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மற்றொன்றைவிடப் பருத்து வலித்தால் நாளைவரை பொறுக்க வேண்டாம்.